பீப்பாய் விலையில் சேராத செலவு

உலகில் பெட்ரோலிய வளம் மிகுந்த நாடுகளின் வரிசையில் வெனிசுலா, சவூதி அரேபியா ஆகியவற்றோடு கனடாவும் இடம்பெறுகிறது. அந்நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எடுக்கத்தக்க நிலையில் சுமார் 16,000 கோடி பீப்பாய் எண்ணெய் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆனால், அது துளையிட்டதும் பொங்கி வரும் எண்ணெய் அன்று. மணலோடும் களிமண்ணோடும் ஒட்டிக் கிடக்கும், 'பிட்டுமன்' எனப்படும் தார் போன்ற பொருள். அதனால்தான் இது 'எண்ணெய் மணல்' என்று அழைக்கப்படுகிறது.

அதபாஸ்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த பழங்குடியினர் தங்கள் படகுகளுக்குள் நீர் புகாதிருக்க இதைப் பூசி வந்தனர். 1920-களில் கார்ல் கிளார்க் என்ற வேதியியலாளர், வெந்நீரைக் கொண்டு மணலிலிருந்து பிட்டுமனைப் பிரிக்கும் முறையை மேம்படுத்தினார். பெரிய அளவிலான வணிக உற்பத்தி 1967-இல் தொடங்கியது. இன்று நாளொன்றுக்கு 30 லட்சம் பீப்பாய்களுக்கு மேல் எடுக்கப்படுகிறது.

எடுக்கும் முறைகள் இரண்டு. ஏறத்தாழ 75 மீட்டர் ஆழத்துக்குள் இருந்தால், மேலுள்ள காட்டையும் சதுப்பு நிலத்தையும் அகற்றிவிட்டு மணலை வெட்டி எடுக்கிறார்கள். ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் இரண்டு டன் மணல் தேவை. அதைவிட ஆழத்தில் இருந்தால், ஒன்றன்கீழ் ஒன்றாக இரு கிடைமட்டக் கிணறுகளை அமைத்து, மேல் கிணற்றின் வழியாக நீராவியைச் செலுத்துகிறார்கள். இளகிய பிட்டுமன் கீழ்க் கிணற்றில் வடிகிறது. மொத்த வளத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை இவ்வாறுதான் எடுக்க இயலும். நீராவிக்காகப் பெருமளவு இயற்கை எரிவாயு எரிக்கப்படுவதால், வழக்கமான கச்சா எண்ணெயைவிடக் கரியமில வாயு வெளியேற்றமும் அதிகம்.

வெட்டி எடுக்கும் முறை விட்டுச்செல்லும் சுமை வேறு வகையானது. பிட்டுமனைப் பிரித்த பின் எஞ்சும் நீரும் நுண்களிமண்ணும் நச்சுச் சேர்மங்களும் பரந்த கழிவு ஏரிகளில் தேக்கப்படுகின்றன. அந்தக் களிமண் தானாகப் படிந்து இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும். 2008-இல் இத்தகைய ஏரியொன்றில் இறங்கிய சுமார் 1,600 வாத்துகள் மடிந்தன. கேர்ல் சுரங்கத்தில் 2022-இலேயே கழிவுநீர்க் கசிவு கண்டறியப்பட்டும், ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் பழங்குடி மக்களுக்கு அதன் முழு விவரம் 2023 பிப்ரவரியில்தான் தெரியவந்தது. அந்த ஆற்று நீரையும் மீனையும் நம்பி வாழ்பவர்கள் அவர்கள்.

இந்த நிலத்தைச் சீரமைக்க வேண்டிய பொறுப்பு, சட்டப்படி நிறுவனங்களுடையது. அதற்கான உத்தரவாதம்தான் போதவில்லை. 2014 இறுதியில் மாகாணச் சுரங்கங்களின் சீரமைப்புச் செலவு 2,080 கோடி கனடிய டாலர் என மதிப்பிடப்பட்டிருந்தது. அரசின் கையில் இருந்த பிணைத்தொகையோ 157 கோடி டாலர் மட்டுமே. மாகாணத் தலைமைத் தணிக்கையாளர் 2015-இல் இதைச் சுட்டிக்காட்டினார்.

நிலத்தடியில் எஞ்சியிருக்கும் எண்ணெயையே சொத்தாகக் கருதி, சுரங்கத்தின் ஆயுள் 15 ஆண்டுகளுக்குக் கீழ் குறையும்போதுதான் கூடுதல் பிணைத்தொகை கோரும் வகையில் 2011-இல் விதிமுறை வகுக்கப்பட்டதே இந்த இடைவெளிக்குக் காரணம். எண்ணெய்க்கான தேவை சரிந்தால் அந்தச் சொத்தின் மதிப்பும் சரியும். சீரமைப்புச் செலவோ ஒரு டாலர்கூடக் குறையாது. ஈடாக வைத்த பொருள் மதிப்பிழக்கும் வேளையிலேயே கடனைத் தீர்க்க வேண்டிய நாளும் வந்து சேரும்.

எண்ணெய் மணல் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தருகிறது. மாகாணக் கருவூலத்தை நிரப்புகிறது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால், லாபம் வரும் காலத்தில் பிணைத்தொகையைப் பெறத் தயங்கும் அரசு, லாபம் நின்ற பிறகு யாரிடம் கேட்கும்? அன்று அந்தச் செலவு வரி செலுத்துவோர் தலையிலும், நச்சு நீர் ஆற்றோர மக்களின் வாசலிலும் வந்து நிற்கும். விற்கும் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் சீரமைப்புக்கான பங்கை இன்றே ஒதுக்கச் செய்வதே நேர்மையான கணக்கு.