எபிசோட் 37: கேம்பர் வேன்ல மிக்ஸி ஏன் நிக்குது?

வேன் பத்தி முதல் எபிசோட் போட்டதுல இருந்து எல்லாரும் கேக்குறது ஒண்ணே ஒண்ணு: மொத்தம் எவ்வளவு ஆச்சு? அத இன்னிக்கும் சொல்ல மாட்டேன், அம்மா இந்த பாட்காஸ்ட்ட கேக்குறாங்க. இன்னிக்கு சொல்லப் போறது அந்த வண்டி ரிப்பேரான கதை. ரெண்டு ரிப்பேர். ஒண்ணு சத்தம் போட்டுச்சு, அதனால அஞ்சு வாரம் அது பின்னாடியே அலைஞ்சேன். இன்னொண்ணு சத்தமே போடல.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். எங்க வண்டி செகண்ட் ஹேண்ட் ஃபோர்ஸ் டிராவலர். முன்னாடி வச்சிருந்தவரே ஒரு பட்டறைல கேரவனா மாத்தி, ஆர்.சி.லயும் அப்படியே ஏத்தி வச்சிருந்தார். இது முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.ல இருக்கிறதுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. பழைய ஒம்னிய வாங்கி கட்டிலும் அடுப்பும் போட்டுட்டா கேம்பர் வேன்னு நினைக்கிறவங்க, முதல்ல ஆர்.டி.ஓ ஆபீஸ்ல கேட்டுட்டு ரம்பத்த எடுங்க. விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல பாக்குற இடம் அதுதான்.

சரி, ரிப்பேர். மோட்டார்ஹோம்னா ஒரு வண்டி, அதுக்குள்ள ஒரு வீடு. வண்டி பாதி பிரச்சனையே இல்ல. பிரேக், கிளட்ச், டீசல் ஃபில்டர் எதுன்னாலும் நாகர்கோவில்ல டிராவலர் பாக்குற மெக்கானிக் தெருவுக்கு ஒருத்தர் இருக்கார். வீடு பாதிக்குத்தான் ஆள் கிடையாது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் இன்வெர்ட்டர பாத்துட்டு, "இது வீட்டு வேலை தம்பி"ம்பார். வீட்டு எலக்ட்ரீஷியன் 12 வோல்ட் வயர பாத்துட்டு, "இது வண்டி வேலை"ம்பார். ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்க நிக்கணும். ஓனரே கத்துக்கணும்னு நான் சொல்றதுக்குக் காரணம் ஆர்வமெல்லாம் இல்ல, வேற வழி இல்ல.

2024 செப்டம்பர் கடைசில, அம்மா வேன்ல தேங்காச் சட்னி அரைக்க மிக்ஸிய போட்டாங்க. இன்வெர்ட்டர் நாலு தடவ பீப் அடிச்சு நின்னுது. மறுபடி போட்டா மறுபடி பீப். லைட், ஃபேன், போன் சார்ஜர் எல்லாம் ஓடுது, மிக்ஸி மட்டும் ஓடாது. இன்வெர்ட்டருக்குள்ள வர்ற வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழ போனா (எங்களோடதுல 10.5) அது தன்னையே நிறுத்திக்கும்.

எல்லாரும் சொன்ன பதில் ஒண்ணுதான்: பேட்டரி போச்சு. பட்டறைல ஒரு அண்ணாச்சி எட்டிப் பாத்துட்டு, "சவத்த மாத்தி எறி மக்கா"ன்னார். 15,000 ரூபாய்க்கு மேல கொடுத்து புது 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி போட்டேன். மிக்ஸி ஜம்முனு ஓடுச்சு. மூணு வாரம். அப்புறம் அதே பீப்.

ஆபீஸ்ல சர்வர் விழுந்தா லாக் பாக்காம ரீஸ்டார்ட் பண்றவன நான் திட்டுவேன். இங்க 15,000 ரூபாய்க்கு நானே ரீஸ்டார்ட் பண்ணியிருக்கேன்.

அடுத்து நடந்தத வரிசையா சொல்லணும். அக்டோபர் மாசம், மழை பிடிச்சிருச்சு. நம்ம மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, ரெண்டு பருவமழையும் உண்டு. சோலார் பேனல்ல சார்ஜ் ஏறல, இன்வெர்ட்டர் மேல நம்பிக்கை இல்ல. அப்பாவோட இன்சுலின் ஃப்ரிட்ஜ்ல இருக்கணும். அந்த நிலைமையில பேச்சிப்பாறை பக்கம் ஒரு ராத்திரி தங்கப் போனோம். கைல தூக்குற சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒண்ண தெரிஞ்சவர்கிட்ட இரவல் வாங்கிட்டுப் போனேன்.

முதல்ல நல்லா தள்ளித்தான் வச்சேன். ராத்திரி பத்து மணிக்கு மழை கொட்டுச்சு. ஜெனரேட்டர் நனையுமேன்னு தூக்கிட்டு வந்து, வேன் பின்பக்கம் கூடாரத் துணிக்கு அடில வச்சேன். மழைன்னு ஜன்னல் எல்லாம் மூடியாச்சு. ரப்பர் தோட்டம், காத்து அசையல. காலைல எனக்கு மண்டை பிளக்குது. அம்மாவுக்கு தலைசுத்தல், ஒரு தடவ வாந்தி. அப்பா மட்டும் நல்லா இருந்தார், அவர் எப்பவும் போல முன் சீட்ல கண்ணாடிய இறக்கிவிட்டுத் தூங்கினவர். நாங்க முந்தின நாள் சாப்பிட்ட கடை சால்னா மேல பழியப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டோம். அதோட மறந்தும் போயிட்டேன்.

நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை மல்டிமீட்டரோட உக்காந்தேன். இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா கேளுங்க, இதுக்காகத்தான் எபிசோடே.

மிக்ஸி ஓடாதப்ப பேட்டரில 12.6 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில 12.6 வோல்ட். எல்லாம் நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். ஏன்னா கரண்ட் ஓடாத வயர்ல வோல்டேஜ் தொலையாது. குழாய மூடி வச்சுட்டு பைப்ல அடைப்பு இருக்கான்னு பாக்குற மாதிரி. லோடு ஓடும்போது அளக்கணும். அம்மாவ மிக்ஸிய போடச் சொல்லிட்டு அளந்தேன். பேட்டரி முனையில 12.1. இன்வெர்ட்டர் முனையில 10.3. ஆக பேட்டரி மேல தப்பே இல்ல. போற வழில 1.8 வோல்ட்ட யாரோ தின்னுட்டாங்க.

யாருன்னு கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. மீட்டரோட ரெண்டு குச்சியையும் ப்ளஸ்லயும் மைனஸ்லயும் வைக்காதீங்க. ரெண்டையும் ஒரே பக்கத்துல வைங்க. ஒரு குச்சி பேட்டரி ப்ளஸ் முனையில, இன்னொண்ணு இன்வெர்ட்டர் ப்ளஸ்ல. மிக்ஸி ஓடுது. ஃபியூஸையும் சேத்து 0.2 வோல்ட். பரவால்ல. இப்ப அதே மாதிரி மைனஸ் பக்கம். 1.6 வோல்ட்! அகப்பட்டுது. அப்புறம் அந்த வழியத் துண்டு துண்டா அளந்துட்டே வந்தா, பேட்டரில இருந்து வர்ற கேபிள் சேஸிஸ்ல முடுக்கியிருக்கிற ஒரே ஒரு போல்ட்ல மட்டும் 1.1 வோல்ட் தொலையுது. அன்னிக்கு மிக்ஸிய எத்தனை தடவ ஓட்டினோம்னா, மூணு வேளைக்கும் தேங்காச் சட்னிதான்.

முன்னாடி வண்டி கட்டின பட்டறைக்காரங்க மைனஸுக்குத் தனி கேபிள் இழுக்கல, வண்டியோட இரும்புச் சட்டத்தையே கம்பியா பயன்படுத்தியிருக்காங்க. கார்ல ஹார்ன், லைட்டுக்கெல்லாம் இது சகஜம். ஆனா கிளாம்ப் மீட்டர்ல பாத்தா மிக்ஸி ஓடும்போது 70 ஆம்ப் போகுது. (சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசி மட்டும்தான் அளக்கும், டிசியும் அளக்குறதான்னு பாத்து வாங்குங்க.) 70 ஆம்ப், 1.1 வோல்ட், பெருக்கினா 77 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் 25 வாட். அதாவது எங்கம்மா சட்னி அரைக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்த போல்ட்ல மூணு சால்டரிங் அயர்ன் எரியுது. போல்ட்ட ஒட்டி பிளைவுட் பலகை. கழட்டிப் பாத்தேன், பலகை காப்பிக் கலர்ல கருகியிருந்தது.

ஃபியூஸ் ஏன் போகலன்னு கேப்பீங்க. நானும் அங்கதான் ஏமாந்தேன். ஃபியூஸ் பாக்குறது கரண்ட் அளவு மீறுதான்னு மட்டும்தான். இங்க கரண்ட் மீறவே இல்ல, சரியாதான் போகுது. மோசமான இணைப்புல சூடு ஏறுறத ஃபியூஸால பாக்க முடியாது. புது பேட்டரி மூணு வாரம் ஓடினதுக்கும் இப்ப விளக்கம் கிடைச்சுது. புதுசுங்கிறதால லோடுலயும் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் கொடுத்துச்சு, 10.5-க்கு மேல தப்பிச்சுது. துரு வளர்ந்து அதையும் தின்னுருச்சு.

துரு எங்க இருந்து வந்ததுன்னு முட்டம், குளச்சல் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். புது சைக்கிள் செயின் எத்தனை நாள்ல சிவக்கும்னு அவங்களுக்குத் தெரியும். வேன் முட்டத்துல சொந்தக்காரங்க வீட்டு முற்றத்துல மாசக்கணக்கா நின்னது. உப்பு காத்துல இருக்கிற ஈரத்த இழுத்து வச்சுக்கும், அதனால அது படிஞ்ச இடம் முழுசா காயாது. அதுல செம்பும் இரும்பும் ஒட்டி இருந்தா ஒரு சின்ன பேட்டரி மாதிரியே வேலை நடக்கும், கரையிறது இரும்பு. மேல அடிச்ச பெயின்ட் அப்படியே பளபளன்னு இருக்கும், அடில பொருக்கு.

சரி பண்ணினது ரெண்டு மணி நேர வேலை. பேட்டரி மைனஸ்ல இருந்து இன்வெர்ட்டர் மைனஸுக்கு 50 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள் நேரா இழுத்தேன். ஈயம் பூசின லக், சுத்தியலால அடிக்காம ஹைட்ராலிக் கிரிம்பர்ல அமுக்கினது. அந்தக் கருவிய வாடகைக்கு வாங்கினேன். மேல உள்பக்கம் பசை உள்ள சுருங்குற குழாய். சேஸிஸ் இணைப்பையும் எடுக்கல, சுரண்டி பளிச்சுனு இரும்பு தெரிஞ்சப்புறம் முடுக்கி, அதுக்கு மேல கிரீஸ். முடுக்கினப்புறம்தான் கிரீஸ், முன்னாடி இல்ல. இப்ப மைனஸ் பக்கம் மொத்தமே 0.15 வோல்ட்தான் தொலையுது. பழைய பேட்டரிய மாட்டிப் பாத்தேன். மிக்ஸி ஓடுச்சு. அந்த 15,000 பத்தி இதுக்கு மேல பேச வேண்டாம்.

இதோட எபிசோட் முடிஞ்சிருக்கணும். 2024 டிசம்பர் 23 அன்னிக்கு, கேரளாவுல வடகரைல ரோட்டோரம் நின்ன ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்கன்னு செய்தி வந்துச்சு. ஏசிக்காக ஜெனரேட்டர ஓடவிட்டுத் தூங்கியிருக்காங்க. கோழிக்கோடு என்.ஐ.டி நிபுணர்கள் அதே வண்டில சோதனை பண்ணிப் பாத்தாங்க. ஜெனரேட்டர் புகைல இருந்த கார்பன் மோனாக்சைடு, வண்டித் தளத்துல இருந்த ஒரு ஓட்டை வழியா உள்ள போயிருக்கு.

அத படிச்சுட்டு நான் போய் எங்க வேனோட அடில படுத்துப் பாத்தேன். சிங்க் தண்ணி வெளிய போற பைப்புக்கு பின்பக்கம் ஒரு ஓட்டை. பைப் ஒரு இஞ்ச், ஓட்டை ரெண்டரை இஞ்ச். நான் ஜெனரேட்டர வச்ச இடத்துல இருந்து மூணு அடி தள்ளி.

அன்னிக்கு எங்க ரத்தத்துல என்ன இருந்ததுன்னு யாரும் அளக்கல, அதனால சால்னா நிரபராதின்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா தலைவலி, தலைசுத்தல், வாந்தி, மூடின ஜன்னல், ஓடுற இன்ஜின், கண்ணாடிய இறக்கி வச்சவருக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. இதையெல்லாம் வரிசையா எழுதிப் பாத்தப்ப எனக்குக் கை நடுங்குச்சு. அம்மாகிட்ட ஒரு வாரம் சொல்லல.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்ல, வாடை இல்ல. ரத்தத்துல ஆக்சிஜன தூக்கிட்டுப் போற ஹீமோகுளோபின்ல, ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இது ஒட்டிக்கும். மூச்சு முட்டாது, இருமல் வராது, தூக்கம்தான் வரும். தூங்குறவனுக்குத் தலைவலி தெரியாது. சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்ல கார் மாதிரி புகைய சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் பொதுவா கிடையாது. அதனால அது சைஸுக்கு ரொம்ப அதிகமா இந்த வாயுவ விடும்.

இப்ப எங்க வேன்ல ஜெனரேட்டர் ஓடினா குறைஞ்சது 20 அடி தள்ளி, காத்து வண்டில இருந்து அது பக்கமா வீசுற மாதிரி, புகைக்குழாய் வெளிய பாத்து. மழை வந்தா அத நிறுத்துறோம், கிட்ட கொண்டு வர்றதில்ல. தூங்கும்போது ஓடவே கூடாது. இன்சுலினுக்கு ஐஸ் போட்ட ஒரு நல்ல பெட்டி போதும்னு அப்புறம்தான் புத்தி வந்துச்சு, ஐஸ்ல நேரா படாம துணி சுத்தி வைக்கணும், உறைஞ்சா மருந்து கெட்டுடும். தளத்துல இருந்த ஓட்டை எல்லாத்தையும் ரப்பர் வளையமும் பாலியூரித்தேன் சீலன்ட்டும் வச்சு அடைச்சேன். மொத்தம் ஆறு ஓட்டை, அதுல ரெண்டு எதுக்குன்னே தெரியல.

அலாரம் வாங்குறவங்க ஒண்ண கவனிங்க. கடைல "கேஸ் அலாரம்"னு கேட்டா எல்பிஜி அலாரத்தத் தருவாங்க. அது வேற, இது வேற. எல்பிஜி காத்த விட கனம், கசிஞ்சா தரைல தேங்கும், அந்த அலாரம் தரைய ஒட்டி இருக்கணும். கார்பன் மோனாக்சைடு காத்தோட கலந்து எல்லா இடமும் பரவும், அதனால அந்த அலாரம் தலைமாட்டுப் பக்கம், படுக்குற உயரத்துல. ரெண்டும் வேணும். அட்டைல ரெண்டுக்கும் சேத்துன்னு போட்டிருந்தாலும், பின்னாடி எந்த வாயுன்னு எழுதியிருக்கிறத படிங்க. சென்சாருக்கு ஆயுசு உண்டு, எப்ப மாத்தணும்ங்கிற தேதி அதுலயே அச்சிட்டிருக்கும். செகண்ட் ஹேண்ட் வண்டில ஏற்கெனவே ஒரு அலாரம் இருந்தா, சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி அந்தத் தேதிய பாருங்க. எங்க வண்டிலயும் ஒண்ணு மாட்டியிருந்தது, பேட்டரி போட்ட தடமே இல்லாம.

ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி டெஸ்ட் பட்டன அமுக்குவேன். காதைப் பிளக்கும். "சவத்த நிறுத்து மக்கா"ன்னு அம்மா கத்துவாங்க. அவங்க கத்துற வரைக்கும் விரல எடுக்க மாட்டேன். தூங்குறவங்க காதுக்கு அது எட்டுதான்னு எனக்குத் தெரியணும்.