மூன்றாவது வாரக் காய்ச்சல்

பயிற்சி விடுதி ஒன்றில் வார்டனாக இருக்கும் நண்பர், டீ ஆறுவதுகூடத் தெரியாமல் புலம்பிக்கொண்டிருந்தார். "புது பேட்ச் வந்தா போதும், மூணாவது வாரம் பாதிப் பேருக்குக் காய்ச்சல். தண்ணி சரியில்லையா சார்?"

தண்ணீரைப் பரிசோதியுங்கள், ஆனால் பழியை அதன் தலையிலேயே போட்டுவிடாதீர்கள். நாலா திசையிலிருந்தும் வந்தவர்கள் ஒரே கூடத்தில் படுக்கிறார்கள். ஒவ்வொருவரும் பெட்டியோடு அவரவர் ஊர்க் கிருமியையும் கொண்டுவருகிறார்கள். ஒருவருக்குப் பழகிப்போனது அடுத்த கட்டில்காரருக்குப் புதுசு.

அமெரிக்க ராணுவத்துக்கு இது பழைய தலைவலி. 1950களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கொத்துக்கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். பழைய சிப்பாய்களை அது அதிகம் தொடவில்லை. அடினோ வைரஸ்தான் காரணம் என்று மாரிஸ் ஹில்மேன் போன்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன் இரண்டு வகைகளுக்கு, 4க்கும் 7க்கும், மாத்திரை வடிவில் தடுப்பு மருந்து வந்தது. உள்ளே இருப்பது உயிருள்ள வைரஸ்! தொண்டையில் தங்கினால் நோய். மேலுறையோடு விழுங்கி, குடலில் போய்ப் பெருகினால் நோய் வராமலே எதிர்ப்பு சக்தி. அதனால் கடிக்கக் கூடாது.

1971 முதல் புது வீரர்களுக்கு வழக்கமாகக் கொடுத்தார்கள். தயாரித்துவந்த ஒரே நிறுவனம் 1996இல் கைவிட, 1999இல் இருப்பு தீர்ந்தது. காய்ச்சல் திரும்பிவந்தது, சில உயிர்களும் போயின. 2011இல் மாத்திரை மீண்டும் வந்ததும் பழையபடி அடங்கியது. இவ்வளவு தெளிவான சோதனையை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

அந்த மாத்திரை நமக்குக் கிடைக்காது, அமெரிக்க ராணுவத்துக்கு மட்டும்தான். நமக்குக் கட்டில்தான் மருந்து. ஒருவர் தலை இருக்கும் பக்கம் அடுத்தவர் கால் வரும்படி மாற்றிப் போட்டால், இருமலுக்கும் மூக்குக்கும் நடுவே ஓர் ஆள் நீளம் கிடைக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடினோ வைரஸுக்கு சானிடைசரை நம்ப வேண்டாம், சோப்பு வேண்டும். கதவுக் கைப்பிடிக்கு ப்ளீச்சிங் பவுடர் கரைசல்.

"காய்ச்சல்னு சொல்றவங்களுக்கு என்ன செய்றீங்க?" என்று கேட்டேன்.

"அட்டெண்டன்ஸ் கட்."

அப்புறம் யார் சொல்வார்கள்? பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு அணிவகுப்பில் நிற்பார்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் காய்ச்சலைக் கொடுத்துவிட்டு. வார்டன்களே, கட்டிலைத் திருப்புவது அப்புறம் இருக்கட்டும். முதலில் அந்த விதியைத் தூக்குங்கள்.