மைக்கேல் சூசைராஜ் சொத்து மதிப்பு எவ்வளவு? கால்பந்து வீரரின் வருமானக் கணக்கு இதுதான்

காரக்கோணம், பாறசாலை பக்கத்திலிருந்து தெற்கே கடற்கரைக்குப் போனால் கேரளத்தின் கடைசி மீனவ ஊர் பொழியூர். அதைத் தாண்டினால் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை. மாநிலம்தான் வேறு, கடலும் ஃபுட்பாலும் ஒண்ணுதான்.

இரவிபுத்தன்துறையில் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் கவனம் ஈர்த்தவர், 2018இல் ஜாம்ஷெட்பூர் வழியாக ஐ.எஸ்.எல்லுக்குள் நுழைந்தார். 2019இல் ஏ.டி.கே அணிக்கு மாறினார், அதே ஆண்டு இந்திய அணிக்காகவும் ஆடினார். 2020 மார்ச்சில் ஏ.டி.கே கோப்பையை வென்றது.

"இவரோட சொத்து மதிப்பு இத்தனை கோடி" என்று இணையத்தில் சுற்றும் எண்களை நம்பலாமா? நம்ப வேண்டாம். இந்திய கிளப்புகள் வீரர்களின் சம்பளத்தை வெளியிடுவதில்லை. சொத்து மதிப்பு என்று போடப்படுவது பெரும்பாலும் யாரோ செய்த ஊகம்.

அப்போ எதை வைத்து கணக்கு போடுவது? ஐ.எஸ்.எல்லில் ஒரு அணி ஒரு சீசனில் சம்பளத்துக்குச் செலவிட உச்சவரம்பு உண்டு. பல சீசன்களில் அது 16.5 கோடி ரூபாய். 30 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 55 லட்சம். ஆனால் சமமாகப் பிரிப்பதில்லை. வெளிநாட்டு வீரர்களும் தேசிய அணி நட்சத்திரங்களும் பெரும்பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் மற்றவர்களுக்கு. இளம் வீரருக்குச் சில லட்சங்கள்தான்.

'டிரான்ஸ்ஃபர் தொகை' என்று செய்தியில் வருவதும் வீரரின் பாக்கெட்டுக்குப் போவதில்லை. அது ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுக்கும் பணம்.

காயம் பட்டால்?

2020 நவம்பர் 20. ஏ.டி.கே மோகன் பகான் - கேரளா பிளாஸ்டர்ஸ், சீசனின் முதல் ஆட்டம். கால்மணி நேரம்கூட ஆகவில்லை, சூசைராஜுக்கு முழங்காலில் அடி. அந்த சீசனே போயிற்று. 2022இல் ஒடிசா அணிக்கு மாறினார். ஒரு வீரருக்கு நல்ல சம்பளம் கிடைப்பதே எட்டு, பத்து வருஷம்தான். அதில் ஒரு காயம் எடுத்துக்கொள்ளும் காலத்தையும் கழித்துத்தான் 'கோடி'யைப் பார்க்க வேண்டும்.

உடம்பு நல்லா இருந்தாலும் சம்பளம் நிச்சயமில்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி முதல் அணியின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், எழுத்தில் 15 நாள் கெடு கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடம் தருகிறது. ஆனால் லீக்கே இல்லாதபோது போய்ச் சேர வேறு கிளப் எங்கே?

இந்தக் கரையோர வீடுகளில் ஐ.எஸ்.எல் ஒப்பந்தத்தைவிட அரசு வேலைக்கு மதிப்பு அதிகம் என்றால் காரணம் இதுதான். 2018 சந்தோஷ் டிராபி இறுதிப்போட்டியில் மேற்கு வங்கத்துக்கு எதிராகக் கேரளத்தின் வெற்றி பெனால்டியை அடித்த சீசன், பொழியூர்க்காரர். அந்த அணியில் வேலையில்லாமல் இருந்த 11 பேருக்குக் கேரள அரசு வேலை அறிவித்தது. கேரளத்தில் போலீஸ், மின்வாரியம், சென்னையில் ஐ.சி.எஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று அணி வைத்திருக்கும் நிறுவனங்களில் இடம் கிடைத்தால் பூட்ஸைக் கழற்றிய பிறகும் மாதச் சம்பளம் வரும்.