எட்டு சதவீத ஓட்டு, ஒரே ஒரு சீட்டு

2006 சட்டமன்றத் தேர்தலில் தேமுதிக தமிழகத்தில் தனியாக நின்றது. 232 தொகுதிகளில் போட்டியிட்டு, நூறு ஓட்டில் எட்டுக்கு மேல் வாங்கியது. ஜெயித்தது விருத்தாசலம் மட்டும். அங்கே நின்றவர் கட்சித் தலைவர் விஜயகாந்த். 2011-இல் அதே கட்சி அதிமுக கூட்டணியில் 41 தொகுதிகளில் நின்றது. மாநில அளவில் அதன் ஓட்டு எட்டு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. சீட்டோ 29 ஆனது. 23 இடம் பெற்ற திமுகவை முந்தி, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவராகவே ஆகிவிட்டார்.

ஓட்டு கூடாமல் சீட்டு மட்டும் கூடியது எப்படி? நிதானமாகப் பார்ப்போம்.

சட்டமன்றத் தேர்தல் என்கிறோமே, உண்மையில் நடப்பது 234 தனித்தனித் தேர்தல்கள். ஒவ்வொன்றிலும் முதலில் வருகிற ஒருவருக்குத்தான் இடம். பாதி ஓட்டாவது வாங்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. ஒரு தொகுதியில் 1,50,000 ஓட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்சிக்கு 65,000, அடுத்த கட்சிக்கு 60,000, மூன்றாவதுக்கு 12,000, மீதி மற்றவர்களுக்கு. அந்த 12,000 என்பது சரியாக எட்டு சதவீதம். டெபாசிட்டைத் திரும்ப வாங்கக்கூட ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும். இங்கே அது 25,000. இதே கணக்கு 234 தொகுதியிலும் நடந்தால், 28 லட்சம் பேர் ஓட்டுப் போட்ட கட்சிக்குச் சபையில் ஒரு நாற்காலிகூட இருக்காது.

அதே 12,000 பேரை இரண்டாவது கட்சியோடு சேர்த்துப் பாருங்கள்: 72,000. முடிவே மாறிவிடுகிறது. சின்னக் கட்சியின் ஓட்டுக்கு வாக்குப்பெட்டியில் கிடைக்காத மதிப்பு, தொகுதிப் பங்கீட்டுப் பேச்சில் கிடைப்பது இதனால்தான். அதற்கு விலையும் உண்டு. எந்தப் பெரிய கட்சிக்கு மாற்றாக வந்தோம் என்றார்களோ, அதன் மேடையிலேயே போய் உட்கார வேண்டியிருக்கிறது. தனித்து நின்றாலோ, ‘ஜெயிக்காதவனுக்குப் போட்டு ஓட்டை வீணாக்காதே’ என்ற பேச்சு வீடு வீடாகப் போய் இருப்பதையும் கரைக்கிறது.

சிறிய கட்சி எல்லாமே இப்படித் தோற்பதில்லை. ஆதரவு ஒரே பகுதியில் திரண்டிருந்தால் கதை வேறு. இலங்கையில் 1977 தேர்தலும் இதே முறையில்தான் நடந்தது. சுமார் 30 சதவீத ஓட்டு வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு 168-இல் 8 இடம். ஏழு சதவீதம்கூடத் தொடாத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு, வடக்கிலும் கிழக்கிலும் ஓட்டு குவிந்திருந்ததால், 18 இடம். அந்தக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். நாட்டின் மிகப் பழைய இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. பாதியைச் சற்றே தாண்டிய ஐக்கிய தேசியக் கட்சி 140 இடங்களை அள்ளியது. அந்தப் பலத்தில்தான் 1978-இல் புதிய அரசியலமைப்பையே கொண்டுவந்தது.

அந்த அரசியலமைப்பு விகிதாசார முறைக்கு மாறியது. ஆனால் ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காத கட்சி அங்கே கணக்கிலேயே வராது என்று வேலி போட்டது. 1988-இல் அது ஐந்து சதவீதமாகக் குறைந்த பிறகே சிறிய கட்சிகளுக்கு வழி சற்று விரிந்தது. முறையின் பெயரை விட, இப்படிப்பட்ட வெட்டுப்புள்ளிகளைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒரே கட்சிக்குத் தெளிவான பெரும்பான்மை வந்தால் ஆட்சி நிலைக்கும் என்பார்கள். அது நியாயமான கவலைதான். அதற்காக லட்சக்கணக்கானவர்களின் குரல் சபைக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை. 1996 முதல் நியூசிலாந்தில் வாக்காளருக்கு இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு. தொகுதிக்கென ஓர் உறுப்பினரும் இருக்கிறார். கட்சி ஓட்டுக்கு ஏற்ற பங்கும் கிடைக்கிறது. நமக்கும் அப்படி ஒரு கலப்பு முறை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடுத்த தேர்தல் முடிவு வரும்போது, யாருக்கு எத்தனை சீட்டு என்பதோடு நிறுத்தாமல், பக்கத்தில் இருக்கும் ஓட்டு சதவீதத்தையும் சேர்த்துப் படியுங்கள். நம் சபை நம்மை எவ்வளவு தூரம் பிரதிபலிக்கிறது என்பது அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் தெரியும்.