விண்ணை நோக்குவோர் எந்த இதழைப் படிக்கலாம்?

வானத்தைப் பார்ப்பதில் ஈடுபாடு கொண்ட மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, எந்தத் தொலைநோக்கியை வாங்கலாம் என்பது. அடுத்த கேள்வி, எந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டலாம் என்பது. முதல் கேள்விக்கு விடை சொல்லப் பலர் உண்டு. இரண்டாவதற்கு, "நல்ல வண்ணப்படங்கள் உள்ளதாகப் பார்த்து வாங்கு" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். விளைவு என்ன? அயல்நாட்டு இதழ் ஒன்று வருகிறது. நடுப்பக்கத்தில் அந்த மாதத்து வானப்படம் இருக்கிறது. மாணவர் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறார். படத்தில் உள்ளவை வானத்தில் இல்லை. வானத்தில் உள்ளவை படத்தில் இல்லை. இரண்டு மாதம் போராடிவிட்டு, இது நமக்கு வராத கலை என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் படமும் சரி, அவர் கண்ணும் சரி. அந்தப் படம் வேறொரு ஊருக்காக வரையப்பட்டது, அவ்வளவுதான்.

ஆகவே ஓர் இதழைக் கையில் எடுத்ததும் நீங்கள் பார்க்க வேண்டியது, அதன் எந்தெந்தப் பக்கங்கள் உங்கள் ஊருக்குப் பொருந்தும், எவை பொருந்தா என்பதே. திருத்தணியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இந்த ஊர் வட அட்சம் 13 பாகையை ஒட்டி உள்ளது. துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரியுமோ, ஏறத்தாழ அதுவே அவ்வூரின் அட்சம். எனவே திருத்தணி மலைமீது நின்று வடக்கே நகரி மலைப் பக்கம் பார்த்தால், துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 13 பாகையில்தான் இருக்கும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. ஆக, ஒன்றேகால் முட்டி உயரம். அமெரிக்காவிலிருந்து வரும் "ஸ்கை அண்டு டெலஸ்கோப்" இதழின் மாத வானப்படம் 40 பாகை வட அட்சத்துக்கு வரையப்படுவது. அந்தப் படத்தில் துருவ நட்சத்திரம் நான்கு முட்டி உயரத்தில் நிற்கும். சப்தரிஷி மண்டலத்தின் பெரும்பகுதி அங்கே மறைவதே இல்லை. இங்கே அது மற்ற மீன் கூட்டங்களைப் போல உதித்து மறைகிறது.

வடக்கே நாம் இழப்பதைத் தெற்கே பெறுகிறோம். அகத்திய நட்சத்திரம் திருத்தணியில் 24 பாகை உயரம் வரை ஏறுகிறது. 40 பாகை அட்சத்தில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. தென்சிலுவையின் அடி நட்சத்திரம் இங்கே சுமார் 14 பாகை உயரத்தைத் தொடும். மே மாத முன்னிரவில் தெற்கே பார்த்தால் போதும் (அரக்கோணத்து விளக்கொளி சற்றுத் தொல்லை தரும்). கதிரவனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் உள்ள ஆல்பா சென்டாரியும், லட்சக்கணக்கான விண்மீன்கள் பந்துபோல் திரண்ட ஒமேகா சென்டாரியும் நமக்கு எட்டும் பொருள்களே. வட நாட்டு இதழ்கள் இவற்றை "தெற்கே பயணம் செல்வோர் காண்க" என்ற தோரணையில் எழுதும். நாம் அந்தப் பயணத்தைச் செய்யாமலே செய்து முடித்தவர்கள்! எனவே சந்தா கட்டுமுன் ஒரு சோதனை: பிப்ரவரி மாதப் படத்தைத் திறந்து, மிருகவியாதன் என்னும் சிரியஸுக்குத் தெற்கே அகத்தியரைத் தேடுங்கள். அவர் இல்லையென்றால் அந்தப் படம் உங்களுக்கு உரியதன்று.

அதற்காக இதழையே தள்ளிவிட வேண்டியதில்லை. விண்மீன்களுக்கு இடையே உள்ள தூரமும் அமைப்பும் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் ஒன்றே, அடிவானம்தான் சாய்கிறது. 10 அல்லது 15 பாகை அட்சத்துக்கென அமைந்த, அட்டையில் செய்த சுழலும் வான்படம் ஒன்றைக் கூடவே வைத்துக்கொண்டால் இதழின் படத்தை நம் வானத்தோடு பொருத்திவிடலாம்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். இத்தகைய இதழ்கள் பல நிகழ்ச்சிகளை உலகப் பொது நேரத்தில் குறிக்கின்றன. அத்துடன் ஐந்தரை மணியைக் கூட்டினால் இந்திய நேரம். தேதி மாறுவதைக் கவனியுங்கள்: 14ஆம் தேதி 20 மணி 10 நிமிடம் என்றிருந்தால், நமக்கு அது 15ஆம் தேதி அதிகாலை 1 மணி 40 நிமிடம். அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரத்தில் கொடுத்திருந்தால் முதலில் அதைப் பொது நேரமாக்கிக்கொள்ளுங்கள்.

இனி, எவை எங்கும் பொருந்தும்? பெர்சியஸ் கூட்டத்தில் அல்கால் என்றொரு விண்மீன் உண்டு. ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்களில் மங்கலானது பிரகாசமானதை மறைக்கும்போது, 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை, அதன் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைகிறது. இந்த மறைப்பு நிகழ்வது நமக்கு வெகு தொலைவில். ஆகையால் இதழில் தரப்படும் அல்காலின் மங்கு நேரம் பாஸ்டனுக்கும் திருத்தணிக்கும் ஒன்றுதான். அந்நேரம் இங்கு இரவாகவும் அது அடிவானத்துக்கு மேலேயும் இருந்தால் போதும். வியாழனின் துணைக்கோள்கள் அதன் நிழலில் புகுந்து மறையும் நேரங்களும் அப்படியே.

நிலவின் செய்தி வேறு. நிலவு நமக்கு மிக அருகில் இருப்பதால், பூமியில் நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்து விண்மீன்களிடையே அதன் இடம் ஒரு பாகை வரை மாறித் தெரியும். ஒரு பாகை என்பது முழுநிலவின் அகலத்தைப் போல் இரு மடங்கு. கார்த்திகைக் கூட்டத்தை நிலவு மறைப்பதாக நியூயார்க்குக்குக் கணித்திருந்தால், அதே சமயத்தில் வேறோர் இடத்திலிருந்து பார்ப்பவருக்கு நிலவு அதைத் தொடாமலே விலகிப் போகலாம். நேரமும் மாறும். இந்தப் பக்கங்களை நாம் தயங்காமல் புரட்டிவிடலாம்.

கார்த்திகை என்றதும் திருத்தணிக்காரர்களுக்கு ஆடிக் கிருத்திகை நினைவுக்கு வரும். காவடிகள் மலையேறும் அந்த நாளை நிர்ணயிப்பது நிலவு நிற்கும் இடமே. ஆடியில் கதிரவன் கடகத்தில் இருக்க, நிலவு கிருத்திகையில் இருப்பதால் அது தேய்பிறை நிலவு. நள்ளிரவுக்குப் பின் உதிக்கும். அன்று அதிகாலை கிழக்கே பார்த்தால் நிலவுக்குச் சற்றுத் தள்ளி அந்தச் சிறு மீன் கூட்டத்தைக் காணலாம். எவ்வளவு தள்ளி என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். நிலவின் பாதை சாய்ந்திருப்பதாலும், அந்தச் சாய்வு 18.6 ஆண்டில் ஒரு சுற்று சுழல்வதாலும், சில ஆண்டுகளில் நிலவு கூட்டத்தை மறைத்தே செல்லும். சில ஆண்டுகளில் பல பாகை விலகிச் செல்லும். வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கமும் ஒரு வானியல் வெளியீடுதான் என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிட்டேன். அதில் உள்ள பலன்களை விட்டுவிட்டுத் திதியையும் நட்சத்திரத்தையும் மட்டும் வானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னை வான் ஆய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கக் கணக்குகளை நேரில் கண்ட வானத்தோடு ஒத்துப்போகச் செய்யப் பாடுபட்டவர்; 1874ஆம் ஆண்டு வெள்ளி கதிரவனைக் கடந்தபோது பொதுமக்களுக்கென விளக்க நூல் வெளியிட்டவர். இன்று கொல்கத்தாவில் உள்ள நிலை வானியல் மையம் ஆண்டுதோறும் இந்திய வானியல் பஞ்சாங்கத்தையும், பல மொழிகளில் ராஷ்ட்ரிய பஞ்சாங்கத்தையும் வெளியிடுகிறது. கோள்களின் இருப்பிடத்துக்கு வேறெந்த இதழையும்விட இவற்றை நம்பலாம்.

இதழ்களின் அறிவுரைகளும் இடத்துக்கு இடம் வேறுபடும். புதன் கோளைக் காண்பது அரிது என்று ஐரோப்பிய இதழ்கள் ஓயாமல் எழுதும். லண்டனில் கதிரவனின் பாதை அடிவானத்தோடு சில மாதங்களில் 15 பாகைச் சாய்வில் படுத்துவிடுவதால், புதன் அந்தியொளியிலேயே மூழ்கிப்போகிறது. திருத்தணியில் அந்தச் சாய்வு ஒருபோதும் 53 பாகைக்குக் குறைவதில்லை. இங்கே புதன் ஏறத்தாழ நிமிர்ந்து ஏறுகிறது. வானம் தெளிந்திருந்தால் வெறுங்கண்ணுக்கே அகப்படும். ஆகஸ்டு மாதத்துப் பெர்சியட் எரிமீன்களை அந்த இதழ்கள் கொண்டாடும். நமக்கோ அது மேகக் காலம், எரிமீன்கள் பரவும் புள்ளியும் வடக்கே தாழ்ந்திருக்கும். டிசம்பர் 14ஐ ஒட்டிய ஜெமினிட் நமக்கு மேல். மழை விட்டிருக்க வேண்டும், அவ்வளவே. மணிக்கு நூறு என்று போட்டிருக்கும் எண்ணிக்கை, அப்புள்ளி தலைக்கு நேர் மேலே இருக்கும்போது, இருண்ட வானத்தில் காணக்கூடியது என்பதையும் மறவாதீர்கள்.

சரி, எவற்றைப் படிப்பது? தொடங்குவோருக்குத் தமிழில், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் 1987 முதல் வெளியிடும் "துளிர்". ஆங்கிலத்தில், 1964இல் தொடங்கிய "சயன்ஸ் ரிப்போர்ட்டர்". கல்லூரி மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது "ரெசனன்ஸ்". பெங்களூர் இந்திய அறிவியல் அகாதமி 1996 முதல் வெளியிடும் இதன் பழைய இதழ்களை இணையத்தில் விலையின்றிப் படிக்கலாம். கணக்கு வரும், அஞ்ச வேண்டாம். விக்யான் பிரசார் நிறுவனத்தின் "டிரீம் 2047" நல்ல இதழ். 2023இல் அந்நிறுவனமே மூடப்பட்டுவிட்டது. பழைய பிரதிகள் கிடைத்தால் விடாதீர்கள். அயல்நாட்டு இதழ்களில் 1973இல் தோன்றிய "அஸ்ட்ரானமி" படிக்க எளிது, படங்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் 1941இல் இரண்டு இதழ்கள் இணைந்து உருவாகி, 2019 முதல் அமெரிக்க வானியல் கழகத்தின் பொறுப்பில் உள்ள "ஸ்கை அண்டு டெலஸ்கோப்"தான் இரவில் வெளியே சென்று பார்ப்பவனுக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து. அதில் வால்டர் ஸ்காட் ஹூஸ்டன் 1946 முதல் 1993 வரை எழுதிய தொடர், சிறு தொலைநோக்கியில் விண்மீன் கூட்டங்களும் நெபுலாக்களும் எப்படித் தெரியும் என்று சொல்வது. கோள்களின் பக்கம் மாதம் முடிந்தால் பழசு. ஹூஸ்டனின் பக்கம் பழசாவதில்லை. பழைய புத்தகக் கடையில் இருபது ஆண்டுக்கு முந்திய பிரதி கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். வண்ணப்படங்கள் நெடுநேரம் ஒளியைச் சேர்த்து எடுத்தவை. செக்கச் சிவந்த ஓரியன் நெபுலா உங்கள் தொலைநோக்கியில் சாம்பல் நிறப் புகைபோலத்தான் தெரியும். விளம்பரங்களில் 60 மில்லிமீட்டர் தொலைநோக்கி 500 மடங்கு பெரிதாக்கும் என்று கண்டால் பக்கத்தைத் திருப்புங்கள். மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பது பயனுள்ள எல்லை, ஆக 120. வால் நட்சத்திரங்களைப் பற்றிய முன்னறிவிப்புகளையும் சற்றுத் தள்ளி வைத்தே படியுங்கள். "நூற்றாண்டின் வால் நட்சத்திரம்" என்று 2013 முழுவதும் பேசப்பட்ட ஐசான், நவம்பர் 28 அன்று கதிரவனை நெருங்கியபோது சிதறிப் போயிற்று.

நல்ல இதழுக்கு இன்னோர் அடையாளம், வாசகரிடமிருந்து எதையேனும் அது கேட்கும். ஜெஸ்ஸூரில் கருவூல அலுவலகத்தில் வேலை பார்த்த ராதா கோவிந்த சந்திரர், பள்ளியிறுதித் தேர்வில் தேறாதவர். 1918இல் அக்கிலா கூட்டத்தில் தோன்றிய புதுமீனைக் கண்டு ஹார்வர்டுக்கு எழுதினார். 1911இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட ஒளி மாறும் விண்மீன் நோக்குவோர் சங்கத்துக்கு அவர் அனுப்பிய குறிப்புகள் முப்பத்தேழாயிரத்துக்கும் மேல். அச்சங்கம் அவருக்கு அனுப்பிய ஆறு அங்குலத் தொலைநோக்கி பின்னர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, நம் ஜவ்வாது மலைக் காவலூரை அடைந்தது. அந்தச் சங்கம் இன்றும் குறிப்புகளை ஏற்கிறது. தொடங்குவதற்கு வெறுங்கண்ணே போதும். திருவாதிரையின் ஒளியை ரோகிணி, புரோசியான் ஆகியவற்றோடு வாரம் ஒருமுறை ஒப்பிட்டு எழுதிவாருங்கள். 2020 பிப்ரவரியில் அது வழக்கத்துக்கு மாறாக மங்கியதைக் கருவி எதுவுமின்றியே பலர் கண்டார்கள்.

அயல்நாட்டுச் சந்தா ஒருவருக்குப் பாரம். நால்வர் சேர்ந்து கட்டுங்கள். அல்லது கல்லூரி நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். அச்சுப் பிரதி கடல் கடந்து வந்து சேரும்போது அந்த மாதத்து வானம் பாதி கடந்துவிடும் என்பதால் மின்பதிப்பே நல்லது. வரும் இதழில் உங்களுக்குப் பொருந்தும் பக்கங்களை மட்டும் குறிப்பேட்டில் எழுதி, பொது நேரத்துடன் ஐந்தரை மணியைக் கூட்டிப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். மாடிக்குப் போகும்போது அந்தக் குறிப்பேடும், சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சு விளக்கும் போதும். இதழ் கீழேயே இருக்கட்டும். பனியில் நனைந்த வழவழப்புத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.