விட்ட இடத்தில் தொடரும் பாடம்

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், நீல்பாக் என்ற சிறு பள்ளிக்கூடம் 1972-ல் தொடங்கியது. நடத்தியவர் டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர். அங்கே வகுப்புப் பிரிவு கிடையாது, பரீட்சையும் கிடையாது. பிள்ளைகள் அவரவர் வேகத்தில் படித்தனர்.

அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியத் தம்பதியர், பின்னர் ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக ஒரு முறையை வகுத்தனர். சுவரில் 'கற்றல் ஏணி' தொங்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம். அதே சின்னமுள்ள அட்டையைப் பிள்ளையே தேடி எடுத்துப் படிக்க வேண்டும். முடித்தால் அடுத்த படி. பல வகுப்புகளை ஒருவரே கவனிக்கும் பள்ளிக்கு இது பெரும் உதவி.

2003-ல் சென்னை மாநகராட்சி 13 பள்ளிகளில் இதைப் பின்பற்றியது. 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் 2007-ல் தமிழகமெங்கும் பரவியது.

கூலி வேலைக்குப் போகும் பெற்றோருடன் வெளியூர் சென்று திரும்பும் பிள்ளைக்கு இதனால் என்ன லாபம்? விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். வகுப்பு அதை விட்டுவிட்டு ஓடிவிடாது.

ஆனால் அட்டை மட்டும் பாடம் சொல்லாது. கிழிந்ததை மாற்ற வேண்டும். தடுமாறும் பிள்ளையின் பக்கத்தில் ஆசிரியர் தரையில் உட்கார வேண்டும். இல்லையேல் பிள்ளை ஏணியில் ஏறிவிடும். படிப்பு கீழேயே நின்றுவிடும்.