மான் மேய்ந்தால் புல்வெளி அழியுமா?

மேய்ச்சல் என்றாலே புல்லுக்குக் கேடு என்று எண்ணுவது வழக்கம். ஆனால் மேயும் விலங்கில்லாத புல்வெளி பல இடங்களில் நெடுநாள் புல்வெளியாக இருப்பதில்லை. புல் உயர்ந்து காய்ந்து மண்டும். பிறகு புதரும் மரமும் வரும்.

புல்லின் வளரும் முனை தரையை ஒட்டியிருக்கிறது. நுனியைக் கடித்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். மரக்கன்றுக்கோ முனை உச்சியில். அதைக் கடித்தால் வளர்ச்சி தடைபடும். புல் குட்டையாக இருக்கும்போது தரைவரை வெயில் இறங்கும். சிறு பூஞ்செடிகள் பிழைக்கும். புழுக்கை உரமாகும்.

மேய்ச்சலை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூர் சாட்சி. அங்கே கேவலாதேவ் பூங்காவில் 1982-இல் எருமை மேய்ச்சலைத் தடுத்தார்கள். நீர்ப்புல் மண்டி, பறவைகளுக்கு வேண்டிய திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது.

கால்நடைக்குப் பதில் காட்டு மான் போதுமா? ஜெர்மனியின் கிராஃபென்வோர் ராணுவப் பயிற்சிக்களத்தில் ஆய்வாளர்கள் இதை அளந்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். அளவோடு கால்நடை மேய்க்கும் நிலத்துக்கு இணையாகச் செம்மான்கள் புல்லைத் தின்றிருந்தன. திறந்தவெளியில் வேட்டையைக் கட்டுப்படுத்தியதால் அவை பகலிலும் அச்சமின்றி அங்கே மேய்ந்தன.

நம் பக்கத்தில் இந்த வேலையைச் செய்வது வெளிமான். உயிரியல் வகைப்பாட்டில் அது மான் குடும்பமல்ல, ஆடுமாடுகளின் உறவு. தூரத்திலேயே எதிரியைக் கண்டு ஓடித் தப்பும் விலங்கு என்பதால் அதற்குத் திறந்தவெளிதான் பாதுகாப்பு. அதற்காகவே 1967-இல் கோடியக்கரை சரணாலயம் அமைந்தது. இன்று அங்கே சீமைக் கருவேலம் புல்வெளிக்குள் புகுந்துவிட்டது. காட்டுத்தனமாகத் திரியும் குதிரைகளும் புல்லுக்குப் போட்டியிடுகின்றன.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சீமைக் கருவேல நெற்றை வெளிமான் விரும்பித் தின்னும். விதை புழுக்கையோடு வெளியே வந்து முளைக்கும். குஜராத்தின் வேலாவதரில் நடந்த ஆய்வு இதைக் காட்டியிருக்கிறது. ஆக, இருக்கும் புல்வெளியை மான் காக்கும். கருவேலம் பிடித்த நிலத்தை மீட்டுத் தராது. கருவேலத்தை வேரோடு பிடுங்குவது மனிதர் வேலை. மான் அளவுக்கு மீறிப் பெருகினாலும் தரை மொட்டையாகிவிடும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தார் வெளிமானைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு போகலாம். வீட்டருகே நெய்யாறு சரணாலயக் காட்டில் இருப்பது மிளா. அகத்தியமலை உச்சிப் புல்வெளிகளில் வரையாடு மேய்கிறது.

நீலகிரியிலும் மூணாறிலும் மலைப் புல்வெளியைத் தரிசென்று எண்ணி வாட்டில், யூக்கலிப்டஸ் நட்டார்கள். வரையாடுகள் மேய்ச்சல் நிலத்தை இழந்தன. மரம் நட விரும்புவோர் வீட்டுப் புரையிடத்திலும் சாலையோரத்திலும் நடுங்கள். இயற்கையான புல்வெளியை மேய்கிற விலங்குகளுக்கு விட்டுவிடுங்கள்.